மூணாறு குளிரில் ஹைபிரிட் மைலேஜ்

தேவிகுளத்தில் இருந்து மூணாறு ஸ்கூலுக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான், லிட்டருக்கு 22 கிலோமீட்டர் தந்த ஹைபிரிட் கார் (பெட்ரோல் என்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்தது) ஜனவரியில் 16-க்கு வந்துவிட்டது, பேட்டரி போச்சா என்று கேட்டிருக்கிறீர்கள் அண்ணே. பேட்டரி இருக்கட்டும், முதலில் ஹீட்டரைப் பாருங்கள். வண்டி நிற்கும்போது தானாக அணைய வேண்டிய என்ஜின் குளிரில் சூடாகிற வரை சட்டென்று அணையாது, ஹீட்டருக்குச் சூடு வருவதும் பெரும்பாலும் என்ஜின் கூலன்ட்டில் (என்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) இருந்துதான் என்பதால் 28 டிகிரியில் வைத்தால் மார்க்கெட் நெரிசலில் நிற்கும்போதும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். 20-க்கு இறக்குங்கள், பிள்ளைக்கு ஸ்வெட்டர் போதும். புல் மேல் பனி வெள்ளையாக உறைந்து கிடந்தாலும் நிறுத்தி வைத்துச் சூடாக்க வேண்டாம், கிளம்பி மெதுவாக ஓட்டுங்கள். அப்புறம் டயர், அதில் காற்று குறைந்தாலும் மைலேஜ் இறங்கும். குளிர் 10 டிகிரி கூடினால் காற்றழுத்தம் சுமார் 2 பிஎஸ்ஐ (பம்ப்பில் காட்டும் அழுத்த அளவு) போகும். மலைக்குக் கீழே போடி வெயிலில் நான் அடித்த காற்று மறுநாள் விடிகாலை இங்கே குறைந்துதான் இருந்தது. ஸ்கூல், மார்க்கெட் இரண்டையும் என்ஜின் ஆறுவதற்குள் ஒரே நடையில் முடித்துவிடுங்கள்.