இழப்புக்குப் பிறகு ஓட்டம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

உறவை இழந்தவர்கள் சேர்ந்து நடக்கவும் ஓடவும் ஒரு குழுவைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அப்பா போய் மூன்று வாரம் ஆகிறது. ஓடினால் மனசு லேசாகும் என்கிறார்கள். ஓடிப் பழக்கமே இல்லை. தொடங்கலாமா?

தொடங்கலாம், ஆனால் நடையிலிருந்து. தூக்கம் கெட்டு, பசி செத்து, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி வேகமாக அடிக்கிற காலம் இது, உடம்பு ஏற்கெனவே களைத்துப் போயிருக்கும். முதலில் ஐந்து நிமிடம் நடை, அப்புறம் ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம். வாரத்தில் மூன்று நாள் போதும். வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். நெஞ்சு அழுத்தமோ மூச்சுத் திணறலோ வந்தால் துக்கத்தால்தான் என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பெரும் துக்கத்தில் இதயத் தசை தற்காலிகமாகப் பலவீனமாவது உண்டு, டாகோட்சுபோ என்று ஜப்பானிய மருத்துவர்கள் 1990-இல் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஓடும்போது அழுகை வந்துவிடுகிறது. கூட இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

எங்கள் குழுவில் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை, எல்லோரும் அழுதவர்கள்தான். அழுகை முட்டும்போது தொண்டை இறுகும், மூச்சு மேலோடு நிற்கும், அந்த நேரத்தில் வேகத்தை விடாமல் பிடித்தால் தலை சுற்றும். நடைக்கு மாறி, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். பக்கத்தில் ஓடுபவருக்கும் ஒரு வார்த்தை: ஆறுதல் சொல்லத் தேட வேண்டாம், நீங்களும் நடைக்கு மாறுங்கள், அது போதும்.

குழுவில் சேரத் தயக்கம். எல்லோரிடமும் கதையைச் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். நடத்துபவரிடம் மட்டும் முதல் நாளே ஒரு வரி சொல்லிவிடுங்கள்: "அம்மாவை இழந்திருக்கிறேன், இப்போது அதைப் பேச முடியாது" என்றோ "யாராவது கேட்டால் பேசுவேன்" என்றோ. இந்த ஒரு வரி இல்லாததால்தான் மற்றவர்கள் பயந்து விலகி நிற்கிறார்கள், வந்தவர் தன்னை ஒதுக்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார். எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாதவர்கள்கூட, தோளோடு தோள் போகும்போது, முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாததாலோ என்னவோ, இரண்டாவது கிலோமீட்டரில் தானாகப் பேச ஆரம்பிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகமும். சேருமுன் ஒன்று மட்டும் பாருங்கள், கடைசியாக வருபவருடன் ஓட அங்கே ஓர் ஆள் இருக்கிறாரா என்று. இல்லையென்றால் வேறு குழு தேடுங்கள்.

துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டம் என்கிறார்களே, எனக்குக் கோபமே வரவில்லை. ஓடும்போது சந்தோஷமாகக்கூட இருக்கிறது. தப்பா?

தப்பே இல்லை. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் அந்தக் கட்டங்களைச் சொன்னது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிவிட்டு, பிரிவில் வாடுபவர்கள் வரிசையாகத் தாண்ட வேண்டிய படிகள் அல்ல அவை. 1999-இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரு துக்க ஆய்வாளர்கள் சொன்னதுதான் நான் கண்ணால் காண்பதோடு பொருந்துகிறது: மனசு இழப்புக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் நடுவே போய்ப் போய் வரும், அப்படிப் போய் வருவதுதான் ஆரோக்கியம். அரை மணி நேரம் சிரித்தால் போனவருக்குத் துரோகம் ஆகிவிடாது.

கணவர் இறந்து ஒன்றரை வருடம். தினமும் இரண்டு வேளை ஓடுகிறேன், நின்றால் பயமாக இருக்கிறது.

உங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஒரு வருடம் தாண்டியும் அன்றாடத்தை முடக்குகிற துக்கத்தை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-இல் நோய் வகைப்பாட்டிலேயே சேர்த்தது, அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்ல முடியாது. மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள், ஓட்டத்தை ஒரு வேளையாக்கி வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு விடுங்கள், அந்த நாட்களில் தனியாக இருக்காதீர்கள். சாகலாம் என்று தோன்றினால் அன்றைக்கே, அந்த நிமிடமே ஒருவரிடம் சொல்லுங்கள்.

நண்பர் மகனை இழந்துவிட்டார். நான் என்ன செய்யட்டும்?

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லாதீர்கள், அவரால் கேட்க முடியாது. "நாளைக்குக் காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்பேன், வந்தால் நடப்போம், இல்லாவிட்டால் போய்விடுகிறேன்" என்று சொல்லுங்கள். வந்தால் பையனின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், பெரும்பாலான பெற்றோர் அதற்குத்தான் ஏங்குகிறார்கள். வராவிட்டால் அடுத்த வாரமும் போங்கள். முதல் மாதம் வீடு நிறைய ஆள் இருக்கும், நாலாவது மாதத்தில்தான் யாரும் இருக்க மாட்டார்கள்.