மிகையுணர்ச்சி என்று எதைச் சொல்வது?

கேள்வி: என் தாயாரின் மறைவை வைத்து எழுதிய சிறுகதையைப் படித்த நண்பர், ‘மிகையுணர்ச்சி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அம்மாவுக்காக அழுவதற்கும் அளவு உண்டா? இதுவும் ‘செண்டிமென்ட்’டும் ஒன்றுதானா? கதையை இணைத்திருக்கிறேன். (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் அழுகைக்கு அளவு வைக்க எவருக்கும் உரிமையில்லை. மிகையுணர்ச்சி என்பது எழுத்தையும் நடிப்பையும் எடைபோடும்போது சொல்ல வேண்டிய சொல். துக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அதைச் சொல்வது கொடுமை. இழவு வீட்டில் மாரடித்து ஒப்பாரி வைக்கும் குரல் தெருமுனை வரை கேட்டாலும் அது மிகையாகாது, ஏனென்றால் இறந்தவர் யார், அவர் போனதால் அந்த வீடு எதை இழந்தது என்பது அங்கே கூடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

கதையைப் படிப்பவருக்கோ உங்கள் தாயாரைத் தெரியாது. தெரியவைப்பதற்கு முன்பே அவரிடம் கண்ணீரை எதிர்பார்க்கும் இடத்தில்தான் அந்தச் சொல் பொருந்துகிறது. தொல்காப்பியம் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதற்கு, இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (தளர்ச்சி), வறுமை என்று நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. அழுகை எதிலிருந்து பிறக்கிறது என்பதில் நம் இலக்கணம் அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறது. புறநானூற்றின் 112ஆம் பாட்டில் பாரி மகளிர் ஐந்தே அடிகளில், சென்ற திங்களின் வெண்ணிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது, இத்திங்களின் வெண்ணிலவில் இரண்டும் இல்லை என்று மட்டுமே சொல்கிறார்கள். கண்ணீர் என்ற சொல்லே அதில் இல்லை. ஆனாலும் அதைக் கலங்காமல் படித்து முடிக்க என்னால் இன்றும் இயலவில்லை.

‘செண்டிமென்ட்’ வேறு. பேச்சு வழக்கில் அது பாசத்தையும் குறிக்கும், ராசி பார்க்கும் நம்பிக்கையையும் குறிக்கும்; ‘அம்மா செண்டிமென்ட் படம்’ என்பது பல நேரங்களில் பாராட்டாகவே வருகிறது. ஒரு படைப்பின் குறையைச் சுட்ட அதைப் பயன்படுத்தினால் பொருள் குழம்பும்.

உங்கள் கதையின் முதல் பக்கத்தில் ‘பாசக்கடல்’, ‘தெய்வத்தாய்’, ‘நெஞ்சே வெடித்தது’ என்று அடுத்தடுத்து வருகின்றன. எந்தத் தாய்க்கும் பொருந்தும் இவற்றில் உங்கள் தாய் இல்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தில், கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் அவர் பால் கணக்கு எழுதிவைத்ததும், கடைசித் தாளில் கூட்டல் போடாமல் விட்டிருந்ததும் வருகிறதே, அங்கே அவர் இருக்கிறார். முன்னவற்றை நீக்கிவிட்டுக் கதையை அந்தத் தாள்களிலிருந்து தொடங்குங்கள். பிறகு நண்பரிடம் மறுபடியும் கொடுத்து, மிகை என்று அவருக்குத் தோன்றும் வரிகளை ஒவ்வொன்றாக அடிக்கோடிட்டுத் தரச் சொல்லுங்கள்.