விங்சூட் போட 200 ஜம்ப் கேட்பது வெறும் வசூல்தானே?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: ஸ்கைடைவிங்கின் முதல் உரிமமான ஏ லைசென்ஸ் வாங்கியாகிவிட்டது, 60 ஜம்ப் முடிந்தது, காற்றில் உடம்பு ஆடாமல் நிற்கிறது, பழைய விங்சூட் (கைகளுக்கும் உடம்புக்கும் நடுவிலும், கால்களுக்கு நடுவிலும் இறக்கைத் துணி வைத்த உடை) ஒன்று பாதி விலைக்கு வருகிறது. இதற்கு மேல் 140 ஜம்ப் காத்திருக்கச் சொல்வது டிராப்ஸோன்காரர்கள், அதாவது விமானத்தில் ஏற்றிக் குதிக்க விடும் இடத்தை நடத்துபவர்கள், டிக்கெட் விற்பதற்குத்தானே?

இல்லை. ஏ லைசென்ஸ் என்று எழுதியிருப்பதால் அமெரிக்காவில் குதிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அங்கே டிக்கெட் விற்பது டிராப்ஸோன், ஆனால் 200 என்று விதி போட்டது அது இல்லை. 200 என்ற எண் அமெரிக்கப் பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏயின் அடிப்படைப் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. வேறு நாடுகளில் கணக்கு வேறாக இருக்கலாம், ஆனால் 60 போதும் என்று சொல்கிற ஒழுங்கான இடம் எதுவும் கிடையாது. "நான் 100லேயே பறந்தேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று கீழே எழுத வருபவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஹெல்மெட் இல்லாமல் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை பைக்கில் போய்ச் சேர்ந்தவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பறப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சின்ன இறக்கை உள்ள தொடக்கநிலை சூட்டில், காலை நேராக நீட்டி, தோளைச் சற்று முன்னால் உருட்டி, தலையைத் தூக்காமல் இருந்தாலே அது பறக்கும். 200 கேட்பது பறக்கிற அந்த இரண்டு நிமிடத்துக்காக இல்லை. விமானத்தை விட்டு விழும் முதல் 3 வினாடிக்கும், பாராசூட் இழுக்கும் கடைசிப் 10 வினாடிக்கும்தான் அந்த அனுபவம் தேவைப்படுகிறது.

இன்றைய விங்சூட்டுக்கு முன்னோடி பிரான்ஸின் பாட்ரிக் த கயார்தோன். 1998இல் ஹவாயில் இறந்தார். காரணம் இறக்கை இல்லை, தன் பாராசூட் பையில் அவர் செய்து பார்த்த ஒரு மாற்றம். அடுத்த ஆண்டு ஃபின்லாந்துக்காரர் யாரி குவோஸ்மாவும் குரோஷியாக்காரர் ராபர்ட் பெச்னிக்கும் பேர்ட்மேன் என்ற நிறுவனம் தொடங்கி, விலைக்கு வாங்கிப் போடக்கூடிய சூட்டைக் கொண்டுவந்தார்கள். அன்று முதல் இன்று வரை துணி எவ்வளவோ மாறிவிட்டது, ஆபத்து இருக்கிற இடம் மாறவில்லை.

முதலில் சூட்டை மாட்டுவதைப் பார்ப்போம். இதைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை. சூட்டைத் தரையில் விரித்து, ரிக்கின் (முதுகில் மாட்டும் பாராசூட் பை) ஹார்னஸை, அதாவது உடம்பில் கட்டும் பட்டைகளை, அதற்குள் கோத்து, இரண்டையும் சேர்த்து ஒரு கோட்டு போல மாட்ட வேண்டும். பிறகு லெக் ஸ்ட்ராப் இரண்டையும் இறுக்கிவிட்டு, அதன் மேல் கால் ஜிப்பை ஏற்ற வேண்டும். ஜிப் ஏறிய பிறகு லெக் ஸ்ட்ராப் வெளியே தெரியாது. சாதாரண ஜம்ப் என்றால் பக்கத்தில் இருப்பவர் கண்ணால் பார்த்தே "கால் பட்டை போடலையே" என்று சொல்லிவிடுவார். இங்கே அந்த வாய்ப்பு இல்லை. அதைவிட மோசம், சூட்டே உடம்போடு ரிக்கை இறுக்கிப் பிடித்திருப்பதால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். காலில் பட்டை இல்லாமல் குதித்தால் பறக்கும்போதும் ஒன்றும் தெரியாது. கேனபி, அதாவது பாராசூட் துணி, திறந்து ஹார்னஸ் மேலே இழுபடும்போது ஆள் கீழே நழுவுவார். இப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள், அதுவும் அனுபவசாலிகள்.

அதனால் ஜிப் ஏற்றும் முன் இரண்டு தொடையிலும் கட்டைவிரலைப் பட்டைக்குள் விட்டு இழுத்துப் பாருங்கள். ஜிப் ஏற்றிய பின் நிமிர்ந்து நின்று தோளை மேலே தூக்குங்கள். இரண்டு தொடையிலும் பிடிப்பு தெரிய வேண்டும். ஒரு பக்கம் தெரியவில்லை என்றாலும் ஜிப்பை இறக்கிப் பார்க்க வேண்டியதுதான், விமானம் காத்திருந்தால் காத்திருக்கட்டும். பிறகு வலப்பக்கம் கட்அவே (மெயின் பாராசூட்டைக் கழற்றிவிடுவது), இடப்பக்கம் ரிசர்வ் (மாற்றுப் பாராசூட்) கைப்பிடி: இரண்டின் மேலும் சூட் துணி மடிந்து ஏறியிருக்கக் கூடாது. கை ஜிப்பையும் மூடிவிட்டு அந்த நிலையிலேயே இரண்டையும் தொட்டுப் பாருங்கள். எட்டவில்லை என்றால் அந்த சூட் உங்களுக்கானது இல்லை.

அடுத்தது வெளியேறுவது. 60 ஜம்ப்பில் பழகிய உடம்பு, கதவைத் தாண்டியதும் கையையும் காலையும் விரிக்கும். விங்சூட்டில் அதைச் செய்தால் மூன்று இறக்கையும் ஒரே நொடியில் காற்றைப் பிடித்து உங்களை மேலேயும் பின்னாலேயும் தூக்கும். பின்னால் விமானத்தின் வால் இருக்கிறது. செஸ்னா 182 போன்ற சின்ன விமானத்திலும், வால் தாழ்வாக உள்ள கிங் ஏர் போன்றவற்றிலும் இது விளையாட்டுப் பேச்சு இல்லை. கைகளை உடம்போடு ஒட்டி, காலை மூடி, மெல்ல இறங்குவது போல வெளியேறி, வாலைத் தாண்டியது தெரிந்த பிறகுதான் இறக்கையைத் திறக்க வேண்டும். மனதுக்குள் இரண்டு மூன்று எண்ணச் சொல்வார்கள். இதைப் படிப்பது சுலபம். பதற்றத்தில் இருக்கும்போது விரியத் துடிக்கும் கையை அடக்கி வைக்க, கதவு பழகிப் போயிருக்க வேண்டும். 200இல் ஒரு பங்கு இதற்காகத்தான்.

விமானியிடமும் விங்சூட் இருக்கிறது என்று ஏறும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். 2018இல் பிரான்ஸில், குதித்துப் பறந்துகொண்டிருந்தவர் மீது அவர் குதித்த விமானமே இறங்கி வரும் வழியில் இறக்கையால் மோதியது. மற்றவர்கள் நேராகக் கீழே விழுகிறார்கள். நாம் விமானம் போகும் திசையிலேயே நெடுந்தூரம் போகக்கூடியவர்கள். அதனால்தான் விங்சூட்காரர்கள் வழக்கமாகக் கடைசியில் குதித்து, விமானப் பாதைக்கு 90 டிகிரியில் திரும்பி விலகி, பிறகு அதற்கு இணையாகத் திரும்பி வருவார்கள். டாண்டம் (பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டி இருவராகக் குதிப்பது) கேனபிகள் தொங்கும் பக்கம் போகவே கூடாது.

தூரக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 13,500 அடியில் குதித்து 4,500 அடியில் இழுத்தால் நடுவில் 9,000 அடி, ஏறக்குறைய 2,740 மீட்டர். ஒரு மீட்டர் இறங்க இரண்டரை மீட்டர் முன்னால் போகிற சூட் என்றால், கிட்டத்தட்ட 7 கிமீ. தப்பான பக்கம் பறந்தால் யாரோ ஒருவர் வயலில்தான் இறங்க வேண்டும். மேல்காற்று எந்தப் பக்கம் என்று கேட்காமல் ஏறுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

நேரக் கணக்கும் மாறும். வயிறு கீழே பார்க்க விழும்போது 1,000 அடி இறங்க ஐந்தரை வினாடி. அந்த 9,000 அடியை 2 நிமிடத்தில் பறந்தால் கீழ்நோக்கிய வேகம் மணிக்கு 82 கிமீதான், 1,000 அடிக்கு 13 வினாடி ஆகும். உள்ளுக்குள் ஓடுகிற கடிகாரம் இங்கே பொய் சொல்லும். காதில் ஒலிக்கும் ஆல்டிமீட்டரையும் (உயரம் சொல்லும் கருவி) கண்ணில் படுகிற ஆல்டிமீட்டரையும் நம்ப வேண்டும், உணர்வை நம்பக் கூடாது.

"ஏஏடி இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்று, தானாகவே ரிசர்வைத் திறக்கும் கருவியைச் சொல்லிக் கேட்பவர்களுக்கும் இதே கணக்குதான் பதில். வழக்கமான எக்ஸ்பர்ட் அமைப்பில் சைப்ரஸ் என்ற ஏஏடி வேலை செய்ய, 750 அடியில் வேகம் வினாடிக்கு 35 மீட்டராவது இருக்க வேண்டும், அதாவது மணிக்கு 126 கிமீ. 82இல் பறந்துகொண்டே தரைக்கு வந்தால் அந்தக் கருவி உங்களை ஏற்கெனவே கேனபியின் கீழ் இருப்பவராகத்தான் நினைக்கும்.

இப்போது இழுப்பது. விங்சூட்டின் பின்னால் பெரிய வெற்றுச் சுழல்காற்று ஒன்று கூடவே வரும். பர்பிள் என்பார்கள். பைலட் ஷூட், அதாவது கையால் வீசும் குட்டிப் பாராசூட், அதைத் தாண்டிச் சுத்தமான காற்றுக்குப் போனால்தான் மெயினை இழுக்கும். அதனால்தான் சாதாரண ரிக்கில் 7 அடி அளவில் இருக்கும் பிரைடில் (பைலட் ஷூட்டை மெயினோடு இணைக்கும் நாடா) இங்கே 9 அடி அளவுக்குப் போகிறது. பைலட் ஷூட்டும் 28 முதல் 30 அங்குலம் என்று பெரிதாக வைக்கிறார்கள். உங்கள் இப்போதைய ரிக்கை அப்படியே எடுத்துக்கொண்டு போக முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

செய்முறை: ஆட்டமில்லாமல் நேராகப் பறந்துகொண்டிருக்க வேண்டும். கால் இறக்கையை மூடி, இரண்டு கைகளையும் ஒரே சமயத்தில் பின்னால் கொண்டுபோக வேண்டும். இரண்டு கையும் என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். வலது கை மட்டும் போனால் வலது இறக்கை மடங்கும், இடது விரிந்தே இருக்கும், உடம்பு ஒரு பக்கம் சாயும், அந்தச் சாய்வோடு கேனபி திறந்தால் லைன் ட்விஸ்ட், அதாவது கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். பைலட் ஷூட்டைப் பக்கவாட்டில் பலமாக வீச வேண்டும். மெதுவாக விட்டால் அது பர்பிளுக்குள் முதுகின் மேலேயே தத்தளிக்கும், அப்போது ஒரு தோளைச் சாய்த்துக் காற்றை உள்ளே விட வேண்டும். வீசிய கை உடனே மற்றக் கையைப் போலவே மடங்கி நிற்க வேண்டும். திரும்பிப் பார்க்கும் ஆசை வரும், பார்த்தால் தோள் சாயும்.

முதல் பறத்தலில் 5,500 அடியில் இழுக்கச் சொல்வார்கள். அதற்கு முன், குதித்து நிலைப்பட்டதுமே, பைலட் ஷூட் கைப்பிடியை இரண்டு மூன்று முறை தொட்டுப் பார்க்க வேண்டும். முதல் தடவை தொடப் போகும்போது கை அங்கே எட்டாது. இறக்கைத் துணி முழங்கையைத் தடுக்கும். அந்த அதிர்ச்சி 11,000 அடியில் வந்தால் பரவாயில்லை.

ஃபிளாட் ஸ்பின் பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கை இறக்கை மட்டும் காற்றை இழந்தால் தட்டு போலச் சுற்ற ஆரம்பிக்கும். எதிர்ப்பக்கம் கையை நீட்டிச் சமாளிக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு, அது சுழற்சிக்குத் தீனி போடும். மூன்று இறக்கையையும் மூடி, முழங்காலை நெஞ்சுப் பக்கம் இழுத்துச் சுருண்டு, சுழல் நின்றதும் உடம்பை வளைத்து வயிறு கீழே வர விட வேண்டும். நிற்கவில்லை என்றால் உயரம் இருக்கும்போதே இழுக்க வேண்டும்.

கேனபி ஏழு செல் (காற்றறை) உள்ள, அமைதியான வகையாக இருக்க வேண்டும். சுமை சதுர அடிக்கு 1.3 பவுண்டுக்கு மேல் வேண்டாம். 75 கிலோ ஆள், ரிக், சூட் எல்லாம் சேர்ந்து 90 கிலோ, அதாவது 198 பவுண்டு. 170 சதுர அடி கேனபியில் 1.16 வருகிறது, நல்லது. அதே ஆள் 135இல் தொங்கினால் 1.47. அதில் லைன் ட்விஸ்ட் வந்தால், கை ஜிப் மூடியிருக்கையில் தலைக்கு மேல் கை போகாது, கேனபியோ வேகமாகச் சுற்றும். திறந்ததும் முதலில் கை ஜிப், பிறகு பிரேக், கால் ஜிப் கடைசி. கேனபி சுற்றிக்கொண்டு கீழே பாய்ந்தால் ஜிப்பைத் தேடிக்கொண்டிருக்காமல் கட்அவே. 2,500 அடிக்கு மேலேயே அந்த முடிவு எடுத்திருக்க வேண்டும்.

இடையில் ஒரு வயிற்றெரிச்சல். பாறை உச்சியிலிருந்து குதிப்பது பேஸ் ஜம்பிங். அதில் உயரமும் கிடையாது, ரிசர்வ் பாராசூட்டும் கிடையாது. விமானத்திலிருந்து விங்சூட்டில் குதிப்பது வேறு. நம் செய்திச் சேனல்கள் எங்கே விபத்து நடந்தாலும் ஆல்ப்ஸ் பாறையை உரசிப் பறக்கும் அதே காட்சியை ஓட்டி, "ஸ்கைடைவிங் விபரீதம்" என்று தலைப்பு வைக்கிறார்கள். அதைப் பார்த்துப் பாதிப் பேர் பயந்து ஓடுகிறார்கள், மீதிப் பேர் அதுதான் விங்சூட் என்று நினைத்து ஹெல்மெட்டில் கேமரா மாட்டிக்கொண்டு வருகிறார்கள். கேமராவுக்கும் யுஎஸ்பிஏ சொல்வது 200தான். முதல் விங்சூட் ஜம்ப்பிலேயே கேமராவும் வேண்டும் என்று கோச்சிடம் சண்டை போடுகிறவர்களை என்ன சொல்வது?

140 ஜம்ப் வீண் என்று நினைக்காதீர்கள். டிராக்கிங் (இறக்கை இல்லாமல் உடம்பை நீட்டி முன்னோக்கிப் போவது) பழகுங்கள், நேர்கோட்டில் போய் நினைத்த இடத்தில் இழுக்கிற பழக்கம் அதில்தான் வரும். சில ஜம்ப்பில் 5,500இல் இழுத்து, தொலைவிலிருந்து திரும்பி வருவதைப் பழகுங்கள். ஏழு செல் கேனபிக்கு இப்போதே மாறுங்கள். இது கோச் சொல்லித்தர வேண்டிய விஷயங்களுக்கு மாற்று கிடையாது, அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் அதற்கும் ஒருவர் வருவார்.

அந்தப் பாதி விலை சூட் பற்றி: புதிதாகத் தைக்கும்போது தோள், கை, இடுப்பு, கால் என்று வரிசையாக அளவு கேட்பது சும்மா இல்லை. துணி தொளதொளவென்று இருந்தால் கைப்பிடி மேல் மடியும், குட்டையாக இருந்தால் காலை நீட்ட முடியாது. விற்பவரிடம் அவர் உயரத்தையும் கை நீளத்தையும் கேளுங்கள், பெரிய இறக்கை மாடலா என்று கேளுங்கள், கால் ஜிப்பை மேலிருந்து கீழ் வரை ஓட்டி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்களைவிட 5 செமீ உயரமானவர் என்றாலோ, ஜிப் நடுவில் ஒரு இடத்தில் நின்று நின்று போனாலோ, பேரம் பேச வேண்டாம், விட்டுவிடுங்கள்.