பென்ரித் பையன்கள்: ரக்பி லீக் கேள்வி பதில்

சிட்னியின் மேற்கு ஓரத்து அணியான பென்ரித் பாந்தர்ஸ் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து 4 முறை ஆஸ்திரேலியாவின் உச்ச ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல் கோப்பையை வென்றது. ஆடியவர்களில் பலர் அதே கிளப்பில் வளர்ந்த பையன்கள். அதைப் பற்றி வந்த கேள்விகள்:

காசைக் கொட்டி ஆள் எடுக்காமல் எப்படி சார் ஜெயித்தார்கள்?

கொட்ட நினைத்தாலும் முடியாது. ஆட்டக்காரர்களுக்கு ஒரு கிளப் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. பெயர் எடுத்த ஆட்டக்காரருக்கு விலை அதிகம். சொந்த ஜூனியர் முதல் சில வருடம் மலிவு. அவர்கள் ஏறும் போட்டிப் படிகள் இவை: 17 வயதுக்குட்பட்டோருக்கு ஹரால்ட் மேத்யூஸ் கப், 19-க்கு எஸ்ஜி பால், 21-க்கு ஜெர்சி ஃபிளெக், அப்புறம் நியூ சவுத் வேல்ஸ் கப், உச்சியில் என்ஆர்எல். 2022-ல் எஸ்ஜி பால் முதல் என்ஆர்எல் வரை நாலு கோப்பையும் பென்ரித்துக்கே. எல்லாப் படியிலும் ஒரே பாணி ஆட்டம் என்பதால், மேலே ஏறும் பையன் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு. என் கணக்கில் ரகசியம் அதுதான்.

எல்லாரும் உள்ளூரா?

ஜெரோம் லுவாய், பிரையன் டோஓ, ஸ்டீபன் கிரைட்டன் மூவரும் பென்ரித்துக்குப் பக்கத்து மவுண்ட் ட்ரூயிட், செயின்ட் மேரீஸ் பகுதி. ஐசையா யோ சிட்னியிலிருந்து சுமார் 400 கி.மீ. தள்ளி இருக்கும் டப்போவிலிருந்து வந்தவர். அதனால் ‘உள்ளூர்’ என்பதைக் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்த்த பையனை மற்றவன் கொத்திக்கொண்டு போனால் நஷ்டம்தானே?

நஷ்டம்தான். ஒப்பந்தம் முடிந்து போகிறவருக்காக வளர்த்த கிளப்புக்கு மாற்றுத் தொகை கிடையாது. கிரைட்டன் 2024-ல் புல்டாக்ஸுக்கும், லுவாய் 2025-ல் வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்கும் போனார்கள். கிரைட்டன் போன வருடமும் கோப்பை பென்ரித்துக்குத்தான் வந்தது.

டூங்காபியில் இருக்கிறோம் அண்ணா. மகனுக்கு 13 வயது, அணியிலேயே குள்ளம். மாவட்டத் தேர்வில் கழித்துவிட்டார்கள். விட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள் தங்கச்சி. அந்த வயதில் மீசை அரும்பிய ஒருவன் இருப்பான். பந்தைக் கையில் கொடுத்தால் நாலு பேரை இழுத்துக்கொண்டே போய் எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி ட்ரை வைப்பான். தேர்வாளர் கண் அவன் மேல்தான் போகும். 18 வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். பாஸ் கொடுக்கவோ கால் மாற்றி ஏய்க்கவோ அவன் அதுவரை பழகியே இருக்க மாட்டான். உங்கள் பையனுக்கு அதையெல்லாம் இப்போதே பழகியாக வேண்டிய கட்டாயம். இங்கிலாந்தின் லீட்ஸ் கிளப்பில் வளர்ந்த ராப் பர்ரோ 5 அடி 5 அங்குலம்தான். அந்த ஒரே கிளப்புக்கு 2001 முதல் 2017 வரை ஆடி 8 கிராண்ட் ஃபைனல் (சீசனின் இறுதிப் போட்டி) வென்றார்.

எதிராளியைப் பிடித்து வீழ்த்தும்போது, அதாவது டேக்கிள் செய்யும்போது, தலையை எந்தப் பக்கம் வைக்கிறான் என்று மட்டும் பாருங்கள். எதிராளி இடுப்புக்கு முன்னால் தலை போனால் உடனே கோச்சிடம் சொல்லுங்கள்.

படிப்பை ஓரங்கட்டலாமா?

கூடவே கூடாது. முழங்கால் ஒரு தடவை திரும்பினால் போதும், ஒரு சீசன் போய்விடும்.