பெட்டியும் சிமெண்டும் இல்லாமல் ஓர் அடக்கம்

கேள்வி: என் அப்பாவுக்கு 81 வயது. "நான் போகும்போது மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் போக வேண்டும்" என்று அடிக்கடி சொல்கிறார். வெளிநாடுகளில் உடலை உரமாக்குகிறார்கள், நீரில் கரைக்கிறார்கள், காளான் உடையில் புதைக்கிறார்கள் என்று படித்தேன். இவை கடலூர், புதுச்சேரிப் பக்கம் எப்போது வரும்? அதுவரை நாங்கள் என்ன செய்வது? எங்கள் குடும்பத்தில் எரிப்பதுதான் வழக்கம்.
— ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: எப்போது வரும் என்று காத்திருக்காதீர்கள், சகோதரி. உங்கள் அப்பா கேட்பது கப்பலில் வந்து இறங்க வேண்டிய பொருள் அல்ல.

பரங்கிப்பேட்டையில் ஓர் இஸ்லாமியர் இறந்தால் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். உடலைக் குளிப்பாட்டி, தைக்காத வெள்ளைத் துணியில் சுற்றி, சந்தூக்கு என்ற சுமக்கும் பெட்டியில் வைத்துத் தோளில் சுமந்து போகிறார்கள். சந்தூக்கு பள்ளிவாசலுக்குத் திரும்பிவிடும். துணியோடு உடல் மட்டும் மண்ணுக்குள் போகும். தாமதிக்காமல் அடக்கம் செய்துவிடுவதால் பதப்படுத்தும் மருந்துக்கும் வேலை இல்லை. 1993இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் வனக் கல்லறை திறந்தபோது புதுமை என்று பேசப்பட்டதும் ஏறக்குறைய இதுதான்.

நீங்கள் படித்தவை பொய்யல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2019இல் சட்டம் இயற்றி உடலை உரமாக்க அனுமதித்தது. மரச்சீவல், வைக்கோல், குதிரைமசால் தழை ஆகியவற்றோடு உடலை ஒரு கலத்தில் வைத்தால், நுண்ணுயிர்கள் எழுப்பும் சூட்டிலேயே சுமார் ஒரு மாதத்தில் மண்ணாகிவிடுகிறது. தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு 2021 டிசம்பரில் மறைந்தபோது, அவர் விருப்பப்படியே நீர்த் தகனம் நடந்தது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த நீரைச் சூடாக்கி உடலைக் கரைக்கும் முறை அது. எலும்பு மட்டும் மிஞ்சும், அதைப் பொடியாக்கித் தருவார்கள். நல்ல முறைகள். ஆனால் கலமும் கொதிகலனும் வேண்டும். காளான் உடை என்பது உடலை மட்கவைக்கக் காளான் வித்து சேர்த்துத் தைத்த உடை. அது எனக்குத் தேவையாகவே படவில்லை. உயிருள்ள மண் அந்த வேலையைத் தானே செய்யும்.

நம் மண்ணை அந்த வேலையைச் செய்யவிடாமல் தடுப்பது நாம்தான். என் பெரியப்பாவை அடக்கம் செய்த நாளை நான் மறக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் கதர் உடுத்தியவர். அவர் மேல் பாலியஸ்டர் சால்வைகளைப் போட்டார்கள். நைலான் நூலில் கட்டிய மாலைகள், தெர்மாகோல் வளையங்கள் அத்தனையும் குழிக்குள் இறங்கின. வார்னிஷ் பூசிய பெட்டி, அதற்கு மேல் ஒரே வாரத்தில் சிமெண்டு மேடை. நானும் அங்கேதான் நின்றேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வலியோடுதான் இதை எழுதுகிறேன்.

எரிக்கும் வழக்கம் என்கிறீர்கள். உறவினர்கள் அதைச் சொல்லித் தடுத்தால் வடலூரைக் காட்டுங்கள். எரிக்காதீர்கள், புதையுங்கள் என்று வற்புறுத்தியவர் வள்ளலார். அவர் சொன்ன காரணம் சுற்றுச்சூழல் அல்ல, இறந்தவர் எழுவார் என்ற நம்பிக்கை. ஆனாலும் நம் மாவட்டத்தில் வாழ்ந்த அவரே சொன்ன பிறகு, புதைப்பது நமக்கு அந்நியம் என்று யாரும் சொல்ல முடியாது. மணிமேகலையில் சுடுவோர், இடுவோர், குழியில் புதைப்போர், தாழ்ந்த இடத்தில் அடைப்போர், தாழியில் கவிப்போர் என ஐந்து வகையினர் ஒரே ஊரின் காட்டில் இருக்கிறார்கள். வழக்கம் என்றைக்குமே ஒன்றாக இருந்ததில்லை.

குடும்பம் எரித்தே தீருவோம் என்றால், விறகு மட்டும் வேண்டாம். ஓர் உடலுக்கு 400, 500 கிலோ விறகு போகிறது. தானே புயல் 2011 டிசம்பரில் நம் முந்திரியையும் பலாவையும் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு ஒரு மரம் வளர எத்தனை ஆண்டு என்று தெரியும். எரிவாயு மேடையோ மின் மேடையோ மேல். மின்சாரம் புகையில்லாதது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிந்துதான் அதில் ஒரு பங்கு வருகிறது.

புதைப்பதானால் தண்ணீரைக் கவனியுங்கள். அப்பாவின் கவலையில் பாதி அதுதானே? கெடிலம் ஆற்றின் கரையிலும் கடலோர மணலிலும், ஐப்பசி கார்த்திகையில் சில அடி தோண்டினாலே நீர் ஊறும் இடங்கள் உண்டு. ஆழமாகப் புதைப்பதே நல்லது என்ற எண்ணம் அங்கே ஆபத்து. குழியில் ஊறிய நீரில் மூழ்கிக் கிடக்கும் உடல் சரியாக மட்காது, கசிவு கிணற்றுக்குப் போகும். மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும், அது மேல் மண்ணில்தான் உண்டு. மூன்றரை அடி போதும். மண்ணை மேடாகக் குவித்து முள் பரப்பினால் நாய் கிளறாது. கிணற்றிலிருந்து விலகிய, மேடான மயானத்தைத் தேர்ந்தெடுங்கள். சொந்தத் தோப்பில் புதைக்க நினைக்க வேண்டாம், அனுமதி பெற்ற மயானத்தில்தான் முடியும். அந்த மயானத்துக்குள் "இது எங்கள் சாதிக்கு" என்று யாராவது வேலி காட்டினால் எதிர்த்துப் பேசுங்கள். ஒரே ஊரில் சாதிக்கொரு சுடுகாடு வைத்திருப்பது நிலத்துக்கும் கேடு, மனிதருக்கும் அவமானம்.

இன்னொரு வழியையும் அப்பாவிடம் சொல்லுங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் உடல் தானம் ஏற்கிறார்கள். கண்களைத் தானம் செய்வதானால் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், புதைத்தாலும் எரித்தாலும் அதற்குத் தடையில்லை.

எதுவானாலும் இந்த வாரமே பேசி எழுதி வையுங்கள். சாவு வீட்டில் யோசிக்க இரண்டு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. பந்தல்காரரும் குளிர்பெட்டிக்காரரும் வந்து நிற்பார்கள், யாரோ ஒரு சித்தப்பா எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுவார். பருத்தி வேட்டி, பச்சை ஓலைப் பாடை, வாழை நாரில் கட்டிய பூ, பெட்டி இல்லை, மேடை இல்லை என்று அப்பாவே தம் கையால் எழுதிக் கையெழுத்திட்டால் அந்தச் சித்தப்பாவும் அடங்குவார்.

மரம் வைக்க விரும்பினால் மாநகராட்சியிடம் கேட்டு மயானத்தின் ஓரத்தில் வையுங்கள். புதிய குழியின் மேலேயே வைக்க வேண்டாம். மண் ஒரு மழைக்காலம் அமுங்கட்டும். கடற்காற்றுக்கு அஞ்சாதது புன்னை. அடுத்த ஐப்பசியில் கன்றை நடுங்கள்.