வெயில் பட்டால் குட்டைநீரில் மருந்து முறிந்துவிடுமா?

கேள்வி: எங்கள் பண்ணைக்குட்டையின் ஆழம் 2 மீட்டர். பக்கத்து நெல் வயலில் இமிடாகுளோபிரிட், ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்துகளை அடித்த மறுநாள் பெய்த மழையில் வயல்நீர் குட்டைக்குள் இறங்கிவிட்டது. பத்து நாள் நல்ல வெயில் அடித்தால் மருந்து முறிந்துவிடும் என்கிறார்கள். அதன்பின் கெண்டைக் குஞ்சுகளை விடலாமா?

பதில்: வெயில் மருந்தை முறிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது எவ்வளவு ஆழம் வரை முறிக்கிறது, முறிந்தபின் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்காமல் பத்து நாள் என்று கணக்குப் போட முடியாது.

சூரிய ஒளியில் ஏறத்தாழ 290 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளக் கதிர்களை ஓசோன் படலம் மேலேயே தடுத்துவிடுவதால், அதற்கு மேற்பட்ட ஒளியை உறிஞ்சக்கூடிய மருந்துதான் வெயிலில் நேரடியாகச் சிதையும். இமிடாகுளோபிரிட் அத்தகையது, ஆய்வகத்தில் தெளிந்த நீரில் சில மணி நேரத்திலேயே பாதியாகிவிடுகிறது. அந்த ஒளியை உறிஞ்சாத மருந்துகள் சிதைவதற்கு நீரில் கரைந்துள்ள பிற பொருள்களே துணை. இலைதழை மக்கி நீருக்குத் தேயிலை நிறம் தரும் கரிமப் பொருள்களும், உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டும் ஒளிபட்டு ஹைட்ராக்சில் போன்ற, கண்டதையெல்லாம் தாக்கும் துகள்களை உண்டாக்குகின்றன. விந்தை என்னவென்றால், அதே கரிமப் பொருள்கள் அத்துகள்களைத் தாமே விழுங்கியும், ஒளியை மறைத்தும் வேலையைக் கெடுக்கின்றன. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரை விட்டிருந்தால் அதிலுள்ள பைகார்பனேட்டும் தன் பங்குக்குச் சிலவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

ஆய்வகக் கணக்கை அப்படியே குட்டைக்குப் பொருத்த முடியாததற்குக் காரணம் ஆழம். ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். மழைநீர் கலங்கிய குட்டையில் அது ஒரு முழத்திற்குள் கண்ணுக்கு மறைந்துவிட்டால், மருந்தைச் சிதைக்கும் புற ஊதாக்கதிர் அதைவிடவும் மேலேயே நின்றுவிடுகிறது என்று கொள்ளலாம். மேல்நீரும் அடிநீரும் கலந்து கலந்துதான் மருந்து ஒளிக்கு வர வேண்டும். சேற்றில் ஒட்டியதற்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஆகாயத்தாமரை மூடிய குட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது ஃபிப்ரோனில்தான். அது வெயிலில் விரைவாகவே மாறுகிறது. ஆனால் மூலக்கூறிலிருந்து கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த துண்டு மட்டும் கழன்று, டெசல்ஃபினைல் என்ற வேறொரு பொருளாக நிற்கிறது. இது தாய் மருந்தைவிட நீடித்து நிற்பது. நஞ்சிலும் அதற்குக் குறைந்ததன்று. ஆகவே மருந்து மறைந்ததை நஞ்சு நீங்கியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் வயல்நீர் மறுபடி இறங்காதபடி வாய்க்கால் வாயை மண்ணிட்டு அடையுங்கள். மிதக்கும் செடிகளை அகற்றுங்கள்; சேற்றைக் கலக்காதீர்கள். நீர் தெளிந்தபின் வலைக்கூண்டில் பத்துப் பதினைந்து குஞ்சுகளை மட்டும் விட்டு நான்கைந்து நாள் கவனியுங்கள். அவை பிழைத்தாலும் அது பாதிச் செய்திதான். இமிடாகுளோபிரிட் மீனைக் கொல்லாமல் அதற்கு இரையாகும் நீர்ப்பூச்சிகளை அழித்துவிடக்கூடும். ஆகவே கரையோரம் அவை நடமாடுகின்றனவா என்றும் பாருங்கள். மீன் விற்பனைக்கு என்றால், மருந்து எச்சம் பார்க்கும் ஆய்வகத்திற்கு நீருடன் அடிச்சேற்றையும் அனுப்பி, ஃபிப்ரோனிலோடு டெசல்ஃபினைலையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். அந்த முடிவு வரும்வரை குஞ்சு வாங்க முன்பணம் கொடுக்க வேண்டாம்.