ஏஆர் ரைஃபிளில் பெரிய தோட்டா: எதை எடுப்பது? (கேள்வி பதில்)

மான், காட்டுப்பன்றி வேட்டைக்காகத் தனக்கென ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளைச் செய்து வாங்க நினைக்கும் அமெரிக்கத் தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலானவர்கள் மனதில் வைத்திருப்பது ஏஆர்-15 சட்டகம்தான், அதனால் பேச்சும் அதைச் சுற்றியே இருக்கும். தோட்டா என்று நான் எழுதுவது கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழு உருப்படியை. குண்டு என்றால் பறந்து போகும் பகுதி மட்டும்.

.450 புஷ்மாஸ்டர், .458 சோகாம், .50 பியோவுல்ஃப். இந்த மூன்று தோட்டாக்களில் எது அதிக பலம், அண்ணா? பலமானதையே எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். (டெக்சஸ்)

தம்பி, மூன்றும் ஏறக்குறைய ஒரே பலம்தான். .450 புஷ்மாஸ்டரின் வழக்கமான 250 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு விநாடிக்கு 2,200 அடி வேகத்தில் கிளம்புகிறது, அதாவது எனர்ஜி சுமார் 2,690 ஃபுட் பவுண்ட். .458 சோகாம் 300 கிரெய்ன் குண்டை 1,900 அடியை ஒட்டிய வேகத்தில் தள்ளுகிறது. பியோவுல்ஃப் 334 கிரெய்ன் குண்டையும் அதே மாதிரி வேகத்தில் தள்ளும். கொஞ்சம் முன்னே பின்னே, அவ்வளவுதான். ஏனென்றால் மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்க வேண்டியவை. ஏஆர்-15 மேகசினுக்குள் போகிற தோட்டா, நுனி வரைக்கும் சேர்த்து 2.26 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. அந்த நீளத்துக்குள் எவ்வளவு மருந்து, எவ்வளவு குண்டு என்று பங்கு போடுவதில்தான் இந்த மூன்றும் வேறுபடுகின்றன.

ஆகவே "எது பலம்" என்ற கேள்வியோடு கடைக்குப் போகாதீர்கள். எந்த விலங்கு, எத்தனை கெஜத்தில், எந்த மாநிலத்தில் என்ற மூன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு போனால் தோட்டா கிட்டத்தட்ட தானாகவே முடிவாகிவிடும்.

மருந்தைக் கூட்டிப் போட்டால் .450-ஐ இன்னும் வேகமாக்கலாமே? கூடு பெரிதாகத்தானே இருக்கிறது? நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்கிறார். (ஓஹியோ)

வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தோட்டாக்களின் மொத்தக் கதையும் இதில்தான் இருக்கிறது.

வெடிக்கும்போது கூட்டின் அடிப்பாகம், பின்னால் அதைப் பூட்டி நிறுத்தும் இரும்புத் துண்டான போல்டைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளு எவ்வளவு என்பது உள்ளே இருக்கும் பிரஷரையும், கூட்டின் அடிப்பரப்பையும் பொறுத்தது. ஏஆர்-15-இன் வழக்கமான தோட்டாவான 5.56-இன் கூடு அடியில் 0.376 அங்குல விட்டம், .450 புஷ்மாஸ்டரின் கூடு அரை அங்குலம். பரப்பாகப் பார்த்தால் ஏறத்தாழ 1.75 மடங்கு. பிரஷர் இரண்டுக்கும் சமம் என்று வைத்தால், போல்டின் மேல் விழும் தள்ளும் அதே மடங்கு ஏறும். அது மட்டுமல்ல, .450 கூட்டின் அடி விளிம்பு 0.473 அங்குலம் என்பதால் போல்டின் முகப்பை அதற்கேற்ப அகலமாகக் குடைந்திருப்பார்கள். உங்கள் போல்டைக் கழற்றி 5.56 போல்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூட்டும் பற்களுக்குப் பின்னால் இருக்கும் உலோகச் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

அதனால்தான் 5.56-ஐ ஒத்த .223-க்கு 55,000 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு) வரை அனுமதிக்கிற அமெரிக்கத் தரநிலை, .450 புஷ்மாஸ்டரை 38,500-லேயே நிறுத்துகிறது. சோகாம் 35,000 அளவிலும் பியோவுல்ஃப் 33,000 அளவிலும் நிற்பதற்கும் காரணம் இதுவே. கூட்டில் இடம் இருக்கிறது என்பதற்காக மருந்தைக் கூட்டினால் முதல் நாள் ஒன்றும் ஆகாது. பிறகொரு நாள் போல்டின் பல் முறியும், அது உங்கள் கன்னத்துக்குச் சில அங்குல தூரத்தில் நடக்கும். நண்பரிடமும் இதைச் சொல்லுங்கள்.

மிச்சிகனின் தெற்குப் பகுதியில் மான் வேட்டை. எல்லோரும் .450 என்கிறார்கள். எனக்கு .458 சோகாம்தான் பிடித்திருக்கிறது. எடுக்கலாமா சார்?

உங்கள் இடத்துக்கு .450 தான். காரணம் சட்டம். மிச்சிகனின் தெற்கு சமவெளியான, ஊர்களும் வீடுகளும் நெருங்கிய பகுதி. வேகமான ரைஃபிள் குண்டு வெகுதூரம் போகும் என்று பயந்து அங்கே நெடுங்காலம் ஷாட்கன்னை மட்டுமே விட்டிருந்தார்கள். 2014-இல் தளர்த்தியபோது, நேர்ச்சுவர்க் கூடு (மேலே குறுகாமல் நேராகப் போகும் கூடு) உள்ள, .35 அல்லது அதற்கு மேற்பட்ட காலிபர் (குண்டின் விட்டம்) தோட்டாக்களை மட்டும் அனுமதித்தார்கள். கூட்டின் நீளம் 1.16 முதல் 1.80 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்றும் வைத்தார்கள். .450-இன் கூடு 1.70 அங்குலம், நேர்ச்சுவர். பொருந்துகிறது. சோகாமின் கூட்டுக்குத் தோளும் கழுத்தும் உண்டு. அதனால் நீளம் சரியாக இருந்தாலும் விதிக்கு வெளியே நின்றுவிடுகிறது. பியோவுல்ஃப் நேர்ச்சுவர் என்பதால் உள்ளே வரும்.

ஓஹியோ, அயோவா மாநிலங்களிலும் இதே மாதிரி நேர்ச்சுவர் விதிகள் உண்டு, ஆனால் அளவுகளும் ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா ஏற்றலாம் என்பதும் மாறும். விதிகளைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள், எனவே அந்த வருடத்துக் கையேட்டைப் பார்க்காமல் ரைஃபிள் குழாய்க்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். பென்சில்வேனியாவில் இன்னும் கடுமை: மான் வேட்டைக்கு செமி ஆட்டோ ரைஃபிளே கூடாது. அங்கே இருப்பவர்கள் இந்தத் தோட்டாக்களை, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்றும் போல்ட் ஆக்‌ஷனில் வாங்குவது நல்லது.

.308-க்கும் .450-க்கும் எனர்ஜி ஒன்றுதான் என்று தோட்டாப் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. அப்படியென்றால் 300 கெஜத்தில் மானைச் சுடலாம்தானே? (விஸ்கான்சின்)

குழாய் வாயில் ஒன்றுதான். 150 கிரெய்ன் .308 குண்டு 2,820 அடி வேகத்தில் சுமார் 2,650 ஃபுட் பவுண்ட், .450-உம் அதே அளவு. ஆனால் 200 கெஜம் போனதும் .450-இன் எனர்ஜி பாதிக்கும் கீழே இறங்கிவிடும், .308-இல் 1,700-க்குக் குறையாமல் மிச்சமிருக்கும். .450-இன் குண்டு குட்டை, தடிமன். காற்று அதை வேகமாகப் பிடித்து இழுத்துவிடும். வேகம் குறையக் குறைய விழுவதும் அதிகமாகும். தூரத்தைச் சில பத்துக் கெஜம் தப்பாகக் கணித்தாலும் குண்டு நெஞ்சுக்குப் போகாமல் காலுக்குப் போய்விடும். அடிபட்ட மான் புதருக்குள் ஓடி இரவெல்லாம் துடிக்கும். 150 கெஜத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகப் பழகிய பிறகு 200. உங்கள் நிலத்தில் உண்மையிலேயே 300 கெஜத்தில்தான் மான் கிடைக்கும் என்றால், விதியும் அனுமதித்தால், ஏஆர்-15-ஐவிடப் பெரிய ஏஆர்-10 சட்டகத்தில் .308 வாங்குங்கள். பெரிய குழாய் அங்கே தேவையே இல்லை.

காட்டுப்பன்றிக்கு? எங்கள் பக்கம் புதர்க்காடு, இருபது முப்பது கெஜத்தில் திடீரென்று வந்து நிற்கும். (டெக்சஸ்)

இந்த வேலைக்கென்றே பிறந்தவை இந்தத் தோட்டாக்கள். டெக்சஸில் நேர்ச்சுவர்க் கட்டாயம் இல்லை, ஆகவே மிச்சிகன் நண்பர் ஆசைப்பட்ட சோகாமை நீங்கள் எடுக்கலாம். அதன் பெரிய வசதி, சாதாரண ஏஆர்-15 மேகசினிலேயே ஒற்றை வரிசையாக ஏறும்: 30 தோட்டா மேகசினில் 10, 20 தோட்டா மேகசினில் 7. இரண்டாவது வசதி குண்டு. அது .458 அங்குலக் குண்டு. பழைய தோட்டாவான .45-70-க்கும் ஆப்பிரிக்க வேட்டைத் தோட்டாவான .458 வின்செஸ்டர் மேக்னத்துக்கும் அதே விட்டம்தான், அதனால் ரகங்கள் நிறைய. .450-க்குப் போடுவது .452, அதாவது கைத்துப்பாக்கிக் குண்டின் விட்டம். கைத்துப்பாக்கி வேகத்துக்காகச் செய்த மெல்லிய உறைக் குண்டு 2,200 அடி வேகத்தில் மோதினால் மேலேயே சிதறிவிடும். கிடாப் பன்றிக்குத் தோள்பட்டையில் கெட்டியான கவசம் மாதிரி தோல் இருக்கும், அதற்குள் போகாது. .450-க்கென்றே செய்த குண்டாகப் பார்த்து வாங்குங்கள்.

சைலன்சர் போடும் எண்ணம் இருந்தால் அதிலும் சோகாமுக்கே என் ஓட்டு. 500 கிரெய்ன் குண்டை ஒலியின் வேகத்துக்குக் கீழே, 1,050 அடியில் விட்டாலும் 1,200 ஃபுட் பவுண்டுக்கு மேல் இருக்கும். அந்த வேகத்தில் விரியும்படி செய்த குண்டாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

.45-70-ஐயே செமி ஆட்டோவில் செய்ய முடியாதா? (மொன்டானா)

அது 1873-இல் வந்த தோட்டா, அடியில் அகலமான விளிம்பு. பெட்டி மேகசினில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் சிக்கும். லீவர் ரைஃபிளின் குழல் மேகசினில் அது சுகமாக ஓடும், அங்கேயே இருக்கட்டும். அதன் வலுவை ஏஆர்-15-இல் கேட்பவர்களுக்குத்தான் சோகாம்.

இந்தத் தோட்டாக்கள் எல்லாம் ராணுவத்துக்காக வந்தவையா?

.458 சோகாமின் பின்னால் அப்படியொரு கதை உண்டு. 1993 மொகதிஷு சண்டைக்குப் பிறகு, கையில் இருக்கும் எம்4 ராணுவ ரைஃபிளிலேயே ஒரே அடியில் ஆளை நிறுத்தும் தோட்டா வேண்டும் என்று சிறப்புப் படை ஆட்களிடையே பேச்சு எழுந்தது. மார்ட்டி டெர் வீம் அதை உருவாக்கினார். 2001-இல் பில் அலெக்ஸாண்டரின் பியோவுல்ஃப் வந்தது. அதன் விளிம்பை 7.62×39 தோட்டாவின் அளவுக்குச் சிறிதாக்கி வைத்தார். .450-இன் வேர் வேட்டையில் இருக்கிறது. ஜெஃப் கூப்பர் என்ற பழைய மரைன் எழுத்தாளர், 250 கெஜத்தில் பெரிய விலங்கை ஒரே குண்டில் வீழ்த்தும் பெரிய காலிபர் செமி ஆட்டோ வேண்டும் என்று எழுதி, அதற்கு 'தம்பர்' என்று பெயரும் வைத்தார். டிம் லெஜெண்டர் அதைத் தோட்டாவாக்கினார், தோட்டா நிறுவனமான ஹார்னடி கூட்டைக் கொஞ்சம் குட்டையாக்கி, 2007-இல் புஷ்மாஸ்டர் பெயரில் வெளிவந்தது.

ஆனால் எண்ணம் அதைவிட ரொம்பப் பழசு. வின்செஸ்டர் 1907-இல் .351, 1910-இல் .401 செல்ஃப் லோடிங் ரைஃபிள்களை விற்றது. அவற்றில் பூட்டும் போல்டே கிடையாது, எடையாலேயே போல்டைப் பிடித்து வைத்தார்கள். அதற்காக முன்கட்டைக்குள் ஒரு பெரிய இரும்புக் கட்டியை ஒளித்து வைத்திருந்தார்கள். 1961-இல் ரூகர் .44 மேக்னத்தில் ஒரு செமி ஆட்டோ கார்பைன் கொண்டுவந்தது. பழைய சந்தையில் ஒன்று கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள், புதர்க்காட்டு மான் வேட்டைக்கு அவ்வளவு அழகான, கைக்கு அடக்கமான பொருள்.

.450 காலிபருக்கு இந்தியாவில் தடை இருந்ததாமே, உண்மையா?

உண்மை, ஆனால் அது வேறு .450. ஆங்கிலேயர் யானை, புலி வேட்டைக்கு வைத்திருந்த .450 தோட்டாக்கள். மார்ட்டினி ஹென்றி ராணுவ ரைஃபிளுக்கும் அதே அளவு குண்டு என்பதால், கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்று 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் தடை போட்டார்கள். இங்கிலாந்து துப்பாக்கி நிறுவனங்கள் உடனே .465, .470, .475 என்று கொஞ்சம் தள்ளித் தள்ளிப் புதுத் தோட்டாக்களைச் செய்தன. ஆப்பிரிக்காவில் இன்றும் புகழோடு இருக்கும் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் அந்தத் தடைக்குப் பிறந்த பிள்ளை.

.50 பியோவுல்ஃபும் .50 பிஎம்ஜியும் ஒன்றா? கலிஃபோர்னியாவில் தடை என்று கேள்விப்பட்டேன்.

இல்லை. பிஎம்ஜி என்பது பிரவுனிங் எந்திரத் துப்பாக்கியின் தோட்டா, கூடு மட்டுமே 99 மில்லிமீட்டர் நீளம், எனர்ஜி 12,000 ஃபுட் பவுண்டுக்கு மேல். பியோவுல்ஃபின் கூடு 42 மில்லிமீட்டர். கலிஃபோர்னியா 2005 முதல் தடுத்தது பிஎம்ஜி ரைஃபிள்களை. ஆனால் ஏஆர் வகை ரைஃபிள்களுக்கே அங்கே தனிக் கட்டுப்பாடுகள் ஏராளம், அதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்காதீர்கள்.

அலாஸ்காவில் பழுப்புக் கரடி இருக்கும் இடத்துக்குப் போகிறோம். .450 போதுமா?

நான் கொண்டு போக மாட்டேன். பழுப்புக் கரடிக்கு ஆழமாகத் துளைக்கும் கனமான, கெட்டியான குண்டு வேண்டும். செமி ஆட்டோதான் வேண்டும் என்றால் பிரவுனிங் பிஏஆர் ரைஃபிள் .338 வின்செஸ்டர் மேக்னத்தில் வந்திருக்கிறது, எனர்ஜி 4,000-ஐ ஒட்டி. ஏஆர்-15-இன் பெட்டிக்குள் அந்த வேலைக்கான தோட்டா கிடையாது.

மகனுக்குப் பதினான்கு வயது, ஒல்லியான பிள்ளை. அவனையும் மான் வேட்டைக்குக் கூட்டிப்போக ஆசை. .450-இன் உதை தாங்குவானா? (ஓஹியோ)

.350 லெஜண்ட் வாங்குங்கள். வின்செஸ்டர் 2019-இல் கொண்டுவந்தது, நேர்ச்சுவர், ஓஹியோவுக்கு ஏற்றது. 150 கிரெய்ன் குண்டு 2,325 அடியில் 1,800 ஃபுட் பவுண்ட். 150 கெஜத்துக்குள் மானுக்கு அது தாராளம், உதையும் மிகக் குறைவு. விளிம்பு 5.56-இன் அளவுதான் என்பதால் போல்டைக் குடைய வேண்டியதில்லை, தோட்டாவும் மலிவு. பையன் பயந்து கண்ணை மூடிக்கொண்டு .450 சுடுவதைவிட, .350-ஐ நிதானமாக நெஞ்சில் வைப்பது மானுக்கும் நல்லது. காதுக்கு மட்டும் நல்ல பாதுகாப்பு போடுங்கள். .450-களில் அநேகமாக மஸில் பிரேக் (குழாய் வாயில் மாட்டும் துண்டு) இருக்கும், உதையைக் குறைக்கும், ஆனால் சத்தத்தைப் பக்கத்தில் நிற்பவர் காதுக்குத் திருப்பிவிடும். அதனால் உங்கள் காதுக்கும்தான்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

வெறும் எச்1பி-யை வைத்துக்கொண்டு கூடாது. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியான மறுநாளே விலக்கும் போய்விடும். அதற்குப் பிறகு நண்பரின் ரைஃபிளைக் கையில் வைத்திருப்பதுகூட உங்கள் விசாவைப் பாதிக்கும் குற்றமாகலாம். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் முதலில் பேசிவிடுங்கள். பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

ஒரே லோயரில் (ரைஃபிளின் கீழ்ப்பாதி) 5.56, .300 பிளாக்கவுட், .450 மூன்று அப்பரும் (குழாய் உள்ள மேல்பாதி) மாற்றி மாற்றிப் போடலாம் என்று திட்டம். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

.450-ஐப் பற்றி எனக்குப் பயமில்லை, அது 5.56 குழாய்க்குள் நுழையாது. பயம் .300 பிளாக்கவுட்டில்தான். அதே மேகசினில் ஏறும், அதே போல்டில் ஓடும், சில குண்டுகளோடு 5.56 குழாயிலும் பூட்டிக்கொள்ளும். .308 அங்குலக் குண்டை .224 அங்குலக் குழாய்க்குள் அடித்துத் தள்ளினால் ரைஃபிள் வெடிக்கும். அப்படி வெடித்த ரைஃபிள்கள் நிறைய. ஒவ்வொரு தோட்டாவுக்கும் வேறு நிற மேகசின், மேலே கொட்டை எழுத்தில் பெயர், தனித்தனிப் பை. ரேஞ்சுக்குப் போகும் நாளில் ஒரு அப்பர், அதற்கான தோட்டா மட்டும். மற்ற இரண்டும் வீட்டில் பூட்டிய பெட்டியிலேயே இருக்கட்டும்.